முடியாது சிஸ்டரும் ஒரு மேசை மணியும்

நீராவி இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. சிஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. தட்டுகளை வெளியே இழுத்து ஆறவிட்டாள். பிறகு ஒவ்வொரு பொட்டலத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. மேலே ஒட்டியிருந்த பட்டையில், நீராவி சரியாகப் பட்டால் கறுக்கும் கோடுகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்த்தாள். ஈரம் தட்டிய ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தாள்.

அந்த அறை மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைப் பகுதிக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே ஆபரேஷன் தியேட்டரில் புழங்கும் கத்தி, கத்தரி, இடுக்கி, எலும்பு ரம்பம் எல்லாம் இங்கேதான் இறங்கி வரும். கழுவி, துடைத்து, ஒரு ஆபரேஷனுக்கு வேண்டியதை ஒரு செட்டாகத் துணியில் சுற்றி, நீராவியில் வேகவைத்து, கிருமி செத்த பிறகு மறுபடி மேலே ஏறும். அந்த அறைக்குப் பொறுப்பு அவள்தான். மேலே இருந்தவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: முடியாது சிஸ்டர்.

சும்மா வைத்த பெயர் இல்லை. "சிஸ்டர், செட் சீக்கிரம் அனுப்புங்க" என்று தியேட்டரிலிருந்து போன் வந்தால், "முடியாது. இன்னும் ஆறல" என்பாள். "பரவாயில்ல, அப்படியே குடுங்க" என்றால், "முடியாது. உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிக் கேப்பீங்களா?" என்பாள். நைச்சியமாகப் பேச அவளுக்கு வராது. வாயைத் திறந்தால் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரிதான். ஆனால் அந்தக் கடுகடுப்புக்குக் கீழே ஒரு காரணம் எப்போதும் இருக்கும். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

டாக்டர்கள் புகார் சொன்னார்கள். தாமதம், எதற்கெடுத்தாலும் மறுப்பு, எரிந்து விழுகிறாள். நிர்வாகி யோசித்தார். அவளை மாற்றினால் அந்த வேலை தெரிந்த வேறு ஆள் வேண்டும். ஆகவே அவளைத் 'திருத்த', ஊழியர்களின் பேச்சையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் ஒரு கோச்சை அழைத்து வந்தார்.

கோச் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எனக்கு அந்தப் பொறுமை இருக்காது. பளபளக்கும் ஷூ, கணீரென்ற குரல், எதிரே இருப்பவரின் பெயரை வாக்கியத்துக்கு ஒரு தடவை சொல்லும் பழக்கம். இளம் வயதில் வீடு வீடாக ஏறித் தண்ணீர் வடிகட்டி விற்றவர். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்களிடமும் மறுநாள் போய் நின்று விற்றவர். அந்தக் கதையை எந்த மேடையிலும் சொல்லுவார், கைத்தட்டலும் வாங்குவார். அவரைப் பொறுத்தவரை 'முடியாது' என்பது உடைக்க வேண்டிய பூட்டு. உடைத்தால் விற்பனை. தன்னைத் தூக்கிவிட்ட மருந்து ஊருக்கெல்லாம் மருந்து என்று நம்பிவிட்டார். அவருடைய முதல் கோளாறு அதுதான்.

முதல் நாள் ஒரு சின்ன அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"இந்தக் கதவுக்குள்ள பேசறது இந்தக் கதவத் தாண்டாது, சிஸ்டர். இது என் தொழில் சத்தியம்" என்றார் கோச். "சொல்லுங்க. உங்களுக்கு இங்க என்ன பிரச்சினை?"

"அந்த மெஷின்தான் சார். உலர்த்தற பம்பு சரியா இழுக்கல. பல தடவை சொல்லிட்டேன்..."

"மெஷின விடுங்க சிஸ்டர். மெஷினப் பாக்க மெக்கானிக் இருக்கான். நாம உங்களப் பத்திப் பேசுவோம்."

பிறகு தண்ணீர் வடிகட்டிக் கதையைச் சொன்னார். நேரம் முடிந்தது.

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அதைத் தள்ளி வைப்பதற்குப் பெயர் பயிற்சியா? பெட்டிக்கடைக்காரர்கூடப் பொட்டலம் கட்டும் முன் என்ன வேண்டும் என்று முழுதாகக் கேட்டுக்கொள்வார். இவர் கேட்கவில்லை. அவள் முதல் வாயிலேயே சொல்லிவிட்டாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது சிஸ்டர் கொஞ்சம் இளகியிருந்தாள். யாரும் அவளிடம் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. மனிதர் நல்லவர் மாதிரி இருக்கிறார், சத்தியம் வேறு செய்திருக்கிறார். எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"படுத்தா தூக்கம் வர்றதில்ல சார். அன்னிக்கு அனுப்புன செட்டெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணுல வந்து நிக்கும். எதையாவது சரியாப் பாக்காம விட்டுட்டேனோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். டாக்டர்கிட்ட காட்டினேன். அரை மாத்திரை போட்டுக்கறேன். இது என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

கோச்சின் கண் பளிச்சிட்டது. "இதுதான் வேர், சிஸ்டர்! பயம்! உங்க பயம்தான் முடியாது முடியாதுன்னு பேசுது."

எதைக் கண்டு பயம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மறுபடியும் அந்தப் பம்பைத்தான் சொல்லியிருப்பாள். எரியும் வீட்டில் இருந்து ஓடி வருகிறவளைப் பிடித்து நிறுத்தி, உனக்கு ஏன் இவ்வளவு படபடப்பு என்று வைத்தியம் பார்த்த கதை இது.

அன்று லிப்டில் நிர்வாகி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன கோச், கல்லு கரையுதா?"

"கரையுது சார். பாவம், மாத்திரை போட்டாத்தான் தூக்கமே வருதாம். எல்லாம் பயம். வேரப் பிடிச்சிட்டேன், சரி பண்ணிடறேன்."

லிப்ட் நிற்பதற்குள் சத்தியம் போய்விட்டது. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் கைராசியை நிர்வாகிக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான். ஒரு பெண் கட்டின கணவனிடம்கூடச் சொல்லாததை நம்பிச் சொல்கிறாள். அதை இவர் தன் சட்டையில் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த தடவை கோச் ஒரு மணியோடு வந்தார். விடுதி வரவேற்பு மேசையில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று அடிக்கும் மணி, அது. அடித்தள அறை மேசையில், போனுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"இனிமே இங்க யாரு முடியாதுன்னு சொன்னாலும் பக்கத்துல இருக்கறவங்க உடனே இத அடிக்கணும். சொன்னவங்க அதோட நிறுத்திட்டு, எப்படி முடியும்னு யோசிக்கணும். விளையாட்டு மாதிரி எடுத்துக்கங்க. ஒரு மாசத்துல அந்த வார்த்தையே மறந்துடும்!"

அங்கே வேலை பார்த்த ஒல்லி என்ற டெக்னீஷியனுக்குக் கொண்டாட்டம். நாளெல்லாம் நீராவியில் வேகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? சிஸ்டர் வாயைத் திறந்து "முடியா..." என்றதும் டிங். சலவைப் பகுதி ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். தியேட்டருக்கும் விஷயம் போயிற்று. போனில் மணிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்திலும் சிரிப்பு.

மணியின் விஷமம் எங்கே இருந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. சிஸ்டர் எப்போதும் முடியாது என்று முதலில் சொல்லி, காரணத்தைப் பிறகு சொல்கிறவள். மணி நடுவில் விழுந்தது. காரணம் வெளியே வராமலே போயிற்று. கொஞ்ச நாளில் அவள் அதைச் சொல்லும் முயற்சியையும் விட்டுவிட்டாள். "பாக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தாள். கோச் பூரித்துப்போனார். "பாத்தீங்களா மாற்றத்த!" என்று நிர்வாகியிடம் சொன்னார். ஒருத்தி அடங்கிப்போனதை அவர் வளர்ச்சி என்று கணக்கில் வைத்துக்கொண்டார்.

வீட்டிலும் அது வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் மகள் போனைக் கேட்டாள். "முடியாது, பரீட்சை வருது" என்று சொல்ல வந்தாள் சிஸ்டர். மகள் வாயாலேயே "டிங்!" என்றாள். சிஸ்டரே ஒருநாள் மணிக் கதையை வீட்டில் சொல்லியிருந்தாள். கணவர் சிரித்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியே சேர்ந்து திருத்துது உன்ன. நானும் ஒண்ணு வாங்கி வெக்கட்டுமா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சிஸ்டர் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கணவருக்கு ஏன் என்று புரியவில்லை. பின்னாலேயே வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பஸ் டிரைவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் இருந்தது. எலும்பு டாக்டர் கெட்டிக்காரர், ஆனால் நேரம் தவறினால் பொறுக்காதவர். அவருக்கு வேண்டிய செட் இயந்திரத்திலிருந்து வந்தபோது, சிஸ்டர் வழக்கம்போல ஆறவிட்டுப் புறங்கையால் தொட்டாள். ஈரம். பம்பு தண்ணீரை இழுக்கவில்லை. சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். வெளியே எடுத்த கணமே அந்தச் செட் கெட்டதுதான். முட்டிக்குள் உலோகம் வைத்துத் தைக்கும் இடத்தில் கிருமி புகுந்தால், அந்த மனிதர் மறுபடி பிரேக்கை மிதிக்க மாட்டார். காலே போகலாம்.

தியேட்டரிலிருந்து போன். ஒல்லி எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "செட் எங்க? டாக்டர் வந்து காத்துக்கிட்டு நிக்கிறாரு!"

"முடியாது" என்றாள் சிஸ்டர். "அது..."

டிங்!

ஒல்லி சிரித்தான். போனிலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "மணி அடிச்சாச்சு சிஸ்டர், அனுப்புங்க!" என்று யாரோ சொன்னார்கள். போன் வைக்கப்பட்டது. கீழே காத்திருந்த தியேட்டர் உதவியாளர் பொட்டலத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு லிப்டுக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் நின்றாள். உண்மையில் நின்றாள், அதை மறைப்பதற்கில்லை. போனால் போகட்டும், பழி எனக்கு மட்டுமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். இத்தனை நாள் மணி அடித்து அடித்து அவளுக்குள் உண்டாக்கியது அந்த நினைப்பைத்தான். பிறகு புறங்கையைப் பார்த்தாள். அதில் ஈரம் இன்னும் மினுங்கியது.

படிகளில் ஓடினாள். எந்தத் தளத்திலும் நிற்கவில்லை. தியேட்டர் கதவுக்கு வெளியே தள்ளுவண்டியைப் பிடித்தாள். "என்ன சிஸ்டர், விடுங்க" என்றார் உதவியாளர். மூச்சு வாங்கியதில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பேசினாலும் யார் கேட்கப் போகிறார்கள்? பொட்டலத்தை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் போட்டாள். துணி அவிழ்ந்து கருவிகள் நடைபாதை முழுக்கச் சிதறின. தரையில் விழுந்ததை இனி எவனும் உபயோகிக்க முடியாது. அது ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்த மொழி.

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. டிரைவருக்கு இன்னும் மயக்க மருந்து கொடுத்திருக்கவில்லை. அவர் மனைவி வெளியே நின்று கத்தினாள். "காலையிலிருந்து பச்சத் தண்ணி இல்லாம படுத்துக் கெடக்காரு! உங்களுக்கெல்லாம் மனுஷங்கன்னா என்னன்னு நெனப்பு?" சிஸ்டர் குனிந்து ஒவ்வொரு கருவியாகப் பொறுக்கினாள்.

மறுநாள் நிர்வாகியின் அறையில் விசாரணை. எலும்பு டாக்டர், கோச், எதிரே சிஸ்டர். உட்காரச் சொல்லவில்லை, அவளாகவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கோச் இவ்வளவு பாடுபட்டும் இப்படியா?" என்று ஆரம்பித்தார் நிர்வாகி. "எங்களுக்கும் புரியுது சிஸ்டர். தூக்க மாத்திரை போடறவங்களுக்கு மனசு ஒரு நெலையில இருக்காது. கொஞ்ச நாள் வீட்ல ஓய்வு எடுங்களேன்."

சிஸ்டர் நிர்வாகியைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிக் கோச்சைப் பார்த்தாள். கோச் தன் ஷூவைப் பார்த்தார்.

"அந்தக் கதவத் தாண்டாதுன்னீங்களே சார்?"

"சிஸ்டர், நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லது உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா? நான் வாயத் தெறந்தப்பல்லாம் உங்க தண்ணி ஃபில்டர் கதையச் சொன்னீங்க. நம்பி ஒண்ணே ஒண்ணு சொன்னேன், அத ஊருக்குக் குடுத்துட்டீங்க. திருடன்கூட வீட்ல ஆள் இல்லாதப்பத்தான் எடுப்பான். நீங்க எதிர்ல உக்காந்து எடுத்தீங்க!"

மேலங்கிப் பையிலிருந்து மணியை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் அது தானாகவே ஒரு தடவை அடித்தது.

எலும்பு டாக்டர் எரிச்சலோடு குறுக்கிட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். என் செட்ட எதுக்குக் கீழ போட்டீங்க? அதச் சொல்லுங்க."

"ஈரம் சார்."

"என்ன?"

"பொட்டலம் ஈரமா இருந்துச்சு. பம்பு இழுக்கல."

டாக்டரின் முகம் மாறியது. "ஈரமா? ஈரமான செட்டா என் டேபிளுக்கு வர இருந்துச்சு? என்கிட்ட யாரும் சொல்லலையே!"

"சொல்ல விட்டாத்தானே? முடியாதுன்னேன். அடுத்த வார்த்தைக்குள்ள மணி அடிச்சாச்சு. உங்க தியேட்டர்லயும் சிரிச்சாங்க. சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டுது, என் வார்த்தை உங்களுக்குக் கேக்கல."

டாக்டர் மேசை மேல் இருந்த மணியைப் பார்த்தார். அவரும் அந்த மணியைப் பற்றிச் சிரித்தவர்தான். நிர்வாகியிடம், "அந்த மெஷின் சரியாகற வரைக்கும் என் ஆபரேஷன் எதுவும் இங்க கெடையாது" என்றார்.

நிர்வாகிக்கு வியர்த்தது. பம்பைப் பழுது பார்க்காமல் தள்ளிப் போட்டது அவர்தான். பழியை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டும். கோச்சின் பக்கம் திரும்பிக் குரலைத் தழைத்தார்.

"மெஷின் கதை வேற, இது வேற. கருவியத் தரையில வீசறது சரியான மனசுள்ளவங்க செய்யற வேலையா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க கோச். இவங்க இந்தப் பொறுப்பத் தாங்க மாட்டாங்கன்னு. எங்க மத்த ஆஸ்பத்திரிகளுக்கும் உங்களத்தான் போடறதா இருக்கோம்."

கோச் நிமிர்ந்தார். சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம். அவர் வாழ்நாளெல்லாம் விற்ற மாதிரி இதையும் விற்றுவிடலாம். சிஸ்டரின் கையைப் பார்த்தார். நீராவி பட்டுப் பட்டுப் புறங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. இத்தனை தடவை எதிரே உட்கார்ந்தும் அந்தக் கையை இன்றுதான் பார்க்கிறார். அந்தக் கணீர்க் குரல் எங்கோ போயிருந்தது.

"முடியாது சார்" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எல்லார் கண்ணும் மணிக்குப் போயிற்று. அது சிஸ்டரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"காரணத்தச் சொல்லுங்க சார்" என்றாள். "நான் அடிக்க மாட்டேன். கேக்கறேன்."

கோச்சின் முகம் சுருங்கிப்போயிற்று. கன்னத்தில் அறை வாங்கினால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"ஏன்னா... நான் இவங்களக் கேக்கவே இல்ல சார். மொத நாளே பம்பப் பத்திச் சொன்னாங்க, நான்தான் வாய மூட வெச்சேன். இவங்களுக்கு இருந்தது நோய் இல்ல, பொறுப்பு. அதத்தான் நான் பயம்னு நெனச்சு அடக்கினேன். ரகசியமாச் சொன்னதையும் உங்ககிட்ட பெருமைக்குச் சொல்லிட்டேன். அந்த டிரைவர் கால் போயிருந்தா அதுல பாதி என் கணக்கு." சிஸ்டரின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

"கேக்காதீங்க. குடுக்கற நெலையில நான் இல்ல" என்றாள் சிஸ்டர். எழுந்தாள். "இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர்கிட்ட அந்த மாத்திரைய நானே சொல்லணும். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி. நான் சொல்ல வேண்டிய நேரத்தக்கூட நீங்க என்கிட்ட விட்டு வெக்கல."

நிர்வாகி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மணியை எடுத்துக் கோச்சின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத எடுத்துட்டுப் போங்க. அடுத்த எடத்துல உக்காரும்போது எதிர்ல இருக்கறவங்க கையில குடுங்க. நீங்க குறுக்க பேசினா அவங்க அடிக்கட்டும். காது கொடுத்துக் கேக்கத் தெரியாதவன், சொன்னத நெஞ்சுக்குள்ள வெச்சுக்கத் தெரியாதவன், யாருக்கும் வழிகாட்ட வரக் கூடாது சார். உங்க மணிய நம்பி என் வேலைய விட்டிருந்தா, ஒரு மனுஷன் கால விட்டிருப்பான்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கீழே ஒரு செட் ஆறிக்கொண்டிருந்தது, அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.